செம்பனைக் காட்டுக் காய்ச்சல்

தோட்ட வரலாறு என்றதும் நம் மாணவர்கள் பால்மரத்தையும் கங்காணியையும் எழுதுவார்கள். செம்பனையை எழுதுவோர் குறைவு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் உருவானது. 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே, இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் அதனைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம், பயிரோ செம்பனை!

செம்பனையோடு எலியும் பெருகிற்று. எலியின்மீது வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் மனிதரைக் கடித்தால் கடுங்காய்ச்சல் வரும். உடலில் தடிப்பு, பிதற்றல், சிலருக்கு மரணம். 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிளெட்சர், நகர்க் கடைகளில் கண்ட டைபஸ் காய்ச்சல் வேறு, தோட்டப்புறத்துக் காய்ச்சல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். பின்வந்த லூத்வெயிட்டும் சவூரும், தோட்டப்புறத்துக் காய்ச்சலும் ஜப்பானியர் அறிந்திருந்த சுட்சுகாமுஷியும் ஒன்றே என்று 1940இல் நிறுவினர். சவூர் என்ற இந்திய மருத்துவரின் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நோயை அறிந்தும் மருந்தில்லை. இக்கிருமி ரிக்கெட்சியா வகையைச் சேர்ந்தது. பாக்டீரியாவே ஆயினும் வைரஸைப் போல உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். ஆதலால் மருந்தைச் சோதிக்கக் கோழிமுட்டைக் கருவும் சுண்டெலியும் தேவைப்பட்டன. வெனிசுவேலா மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த குளோரம்பெனிகால் அவற்றைக் காப்பாற்றுவதை 1947இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஸ்மேடல் கண்டார். இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காடுகளில் படைவீரர்கள் இந்நோயால் வீழ்ந்தனர். இராணுவத்தின் அக்கறை அங்கிருந்து வந்தது. தோட்டத்துக் கூலிக்காக எவரும் கடல் கடந்து வரவில்லை.

1948 மார்ச்சில் ஸ்மேடல் குழு கோலாலம்பூர் வந்தது. லூத்வெயிட்டும் சவூரும் உடனுழைத்தனர். மருந்து பெற்ற 25 நோயாளிகளும் பிழைத்தனர். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒப்பீட்டுக்காக 12 பேர் அம்மருந்தின்றிக் கவனிக்கப்பட்டனர். அந்தப் பன்னிருவரை எண்ணாமல் இவ்வெற்றியை என்னால் படிக்க முடிவதில்லை.

சுண்டெலி சொல்லாத செய்தி ஒன்றும் அங்கே வெளிப்பட்டது. இதே காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட இருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினர். அதன்பின் டைபாய்டு நோயாளிகளுக்கே அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். டைபாய்டுக்கு முதல் பயனுள்ள மருந்து அவ்வாறு கோலாலம்பூரில் கண்டறியப்பட்டது.