கோணலான கப்பல் ஜிக்கை நேராக்குதல்

மரக் கப்பல் மாதிரி கட்டும் பலகையில் விழுந்த வளைவையும் முறுக்கையும் எடுத்து, அதை மீண்டும் மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை இது. ஜிக் என்பது வங்குகளை, அதாவது கப்பலின் விலாச்சட்டங்களை, கட்டி முடியும் வரை உரிய இடத்திலும் உயரத்திலும் பிடித்துவைக்கும் சட்டகம். வங்குகளுக்கு அளவு இதிலிருந்தே எடுக்கப்படுவதால், ஜிக் ஒரு மூலையில் தூக்கினால் அடிமரமாகிய ஏராவும் அதனோடு முறுகும். மாதிரிகளில் பெரிதும் வழங்கும் 1:48 அளவில், பலகையின் 1 மி.மீ. கோணல் உண்மைக் கப்பலில் 48 மி.மீ. ஆகும், ஏறக்குறைய இரண்டு அங்குலம்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்னும் இந்த அளவு, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடற்படை வாரிய மாதிரிகளிலிருந்து வந்தது. அவற்றின் அடிப்பகுதிக்குப் பலகை போர்த்தாமல் வங்குகளைத் திறந்தே விட்டிருப்பார்கள். ஹென்றி ஹடில்ஸ்டன் ராஜர்ஸ் சேகரித்த இத்தகைய மாதிரிகள் 1935இல் அவருடைய உயிலின்படி அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்துக்குச் சேர்ந்தன.

இன்று ஜிக் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அமெரிக்கரான ஹாரல்ட் ஹான். 1981இல் வெளிவந்த ‘தி கலோனியல் ஸ்கூனர்’, 1988இல் வெளிவந்த அமெரிக்கப் புரட்சிக்காலக் கப்பல்கள் பற்றிய நூல் ஆகிய இரண்டும் அவர் முறையைப் பரப்பின. அந்த முறையில் கப்பல் தலைகீழாகவே உருவாகும். ஒவ்வொரு வங்கின் மேல்நுனியும் தேவைக்கு மேல் நீட்டி வெட்டப்படும். கப்பலின் மேற்பார்வை வடிவத்தைப் பலகையில் வரைந்து, அதன் ஓரம் நெடுக வங்குக்கு ஒரு பள்ளம் வீதம் வெட்டுவார்கள். நீண்ட நுனிகள் அந்தப் பள்ளங்களில் இறங்கி நிற்கும். ஏரா எல்லாவற்றுக்கும் மேலே வந்து அமரும். உடல் கெட்டிப்பட்ட பிறகு நுனிகளை அறுத்துக் கப்பலை நிமிர்த்துவார்கள். நீண்ட நுனிகள் அனைத்தும் ஒரே தளத்திலிருந்து எழுவதால், உயரங்கள் தாமே சரியாக அமைகின்றன. இந்த முறையின் அழகும் அதுதான், அபாயமும் அதுதான். பிரெஞ்சு மாதிரிக்காரர்கள் பலர் கப்பலை நிமிர்ந்த நிலையிலேயே கட்டுகிறார்கள்.

பலகை ஏன் கோணுகிறது? மரம் ஈரம் இழந்தால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பச்சை நிலையிலிருந்து முற்றக் காயும்போது நாரின் நீளவாக்கில் சுருக்கம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். தேக்கில் ஆரவாக்கில் 2.5 சதவீதமும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் சுருங்கும். கிழக்கு வெள்ளைப் பைனில் இவை 2.1, 6.1. இந்த வேறுபாடே முழுப் பலகையைக் குழியச் செய்கிறது. கோணல் நான்கு வகைப்படும்: அகலவாக்கில் குழிவது, நீளவாக்கில் வில்லாக வளைவது, விளிம்புப் பக்கமாக வளைவது, மூலைக்கு மூலை முறுகுவது. நான்கில் கொடியது முறுக்கு. மற்றவை ஓரளவு கண்ணுக்குப் படும். முறுகிய பலகையோ நடுவில் மட்டமாகத் தெரிந்து, கப்பலின் முன்முனையையும் பின்முனையையும் எதிரெதிர்ப் பக்கம் சாய்த்துவிடும்.

பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் இந்த இழுபறி அடங்கியிருக்கும். அதையும் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: வரைபடத்தைத் தண்ணீர்ப் பசையால் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டுவது. நனைந்து விரிந்த தாள் உலரும்போது சுருங்கி, பலகையைத் தன் பக்கம் குழிய இழுக்கும். ஒரு முகத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசினாலும் ஈரம் ஏறி இறங்குவது இருபுறமும் சமமாக இராது.

சோதிக்க இரண்டு நேரான குச்சிகள் போதும். பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒன்றின் மேல்விளிம்பை மற்றதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முறுக்கு உடனே தெரியும். குழிவை அளக்க நேர்விளிம்பும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளும் வேண்டும். பலகையைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்ப்பது இன்னும் எளிது.

ஈர வேறுபாட்டால் வந்த கோணலில் குழிந்த முகமே சுருங்கிய முகம். ஆகவே அந்த முகத்தை ஈரத்துணியால் நனைத்து, புடைத்த முகத்தைக் காற்றாட விட வேண்டும். மட்டத்துக்கு வந்ததும் குறுக்குச் சட்டங்களுக்கிடையே கிளாம்ப் போட்டு, எதிர்ப்பக்கம் இம்மியளவு மிகுதியாக வளைத்து, இருபுறமும் காற்றுப் புகும்படி நாள் கணக்கில் உலர விடுவார்கள். பிறகு இரு முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் ஒரே அளவு அரக்கு வார்னிஷ் பூச வேண்டும். காய்ந்த பலகையை நனைக்காமல் பளு வைத்து அமுக்குவது பயன் தராது. பளுவை எடுத்ததும் பழைய வளைவு திரும்பும். நனைத்தும் நேராகாததை, அடியில் இரும்பு எல்-ஆங்கிள் இரண்டை நீளவாக்கில் திருகி இழுத்துப் பிடிக்கலாம். முழுப் பலகையானால் குறுக்கே போகும் இரும்பில் திருகுத் துளைகளை நீள்துளையாக இடுவது அவசியம். இல்லையென்றால் மரம் சுருங்கும்போது வெடிக்கும். வலைச்சட்டத்தின் மேலும் கீழும் மெல்லிய பலகை ஒட்டிய பெட்டி வடிவ அடித்தளம் இதைவிட உறுதியானது.

வங்குகள் ஒட்டப்பட்ட பிறகு கோணல் தெரிந்தால் தண்ணீர் கூடாது. முதலில் வங்குகளுக்கிடையே உள்ள தற்காலிகக் கட்டைகளைக் கழற்றி, பிறகு ஜிக்கின் கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து மட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு வங்கிலும் இடம் வலமாக ஒரே புள்ளியின் உயரத்தைக் கண்ணாடித் தளத்திலிருந்து அளந்து ஒப்பிட்டபின்தான் கட்டைகளைத் திரும்ப ஒட்டலாம்.

இப்போது லேசரால் வெட்டிய எம்.டி.எஃப். ஜிக்குகள் கிட்களுடன் கிடைக்கின்றன. அவை முறுகுவது குறைவு, ஆனால் விளிம்பில் நீர் பட்டு ஊதினால் பழைய தடிமனுக்குத் திரும்பாது.