மின்கம்பிகளின் அருகே உயர்மேடைப் பணி

உயர்மேடை என்பது மனிதரையும் அவர்தம் கருவிகளையும் தரையிலிருந்து தூக்கி, வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டு சேர்க்கும் யந்திரம். கத்தரியைப்போல் மடிந்து விரியும் கால்களின்மேல் நேராக எழும் சிசர் லிஃப்ட், நீண்டும் வளைந்தும் பக்கவாட்டில் எட்டக்கூடிய கரத்தின் நுனியில் கூடையைத் தாங்கும் பூம் லிஃப்ட், லாரியின்மேல் பொருத்தப்பட்டு மின்வாரியத்தாராலும் தெருவிளக்குப் பராமரிப்போராலும் கையாளப்படுவதும் நம் நாட்டில் ஸ்கைலிஃப்ட் என்ற பெயரால் வழங்குவதுமான கூடை வண்டி ஆகியவை இதன் பிரதான வகைகள். ஏணியிலும் சவுக்குச் சாரத்திலும் தொற்றிக்கொண்டு உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்களுக்கு இந்த யந்திரம் செய்த உபகாரம் பெரிது. ஆயினும், மனிதனை உயரத்துக்கு எடுத்துச் செல்லும் அதே சௌகரியம், அதுகாறும் அவன் கைக்கு எட்டாதிருந்த மின்கம்பிகளை அவன் தோளருகே கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றது. அந்த ஓர் அபாயத்தையும் அதனை விலக்கும் முறைகளையும் பற்றியது இக்கட்டுரை.

இவ்வியந்திரத்தின் சரித்திரமே ஒரு மின்விபத்தோடு பிணைந்திருக்கிறது. அமெரிக்காவில் பளுதூக்கிகள் செய்து பெயர்பெற்ற ஜான் எல். குரோவ் என்பவர், அத்தொழிலை விட்டு விலகி, 1967-இல் தம் மனைவியுடன் நாட்டைச் சுற்றிவரும் வழியில் ஹூவர் அணையில் தங்கியபோது, அங்கே சாரத்தின்மேல் நின்று வேலை செய்த இருவர் மின்சாரம் தாக்கி இறந்தனர் என்றும், உயரத்தில் வேலை செய்பவருக்கு இதைவிட நல்லதொரு சாதனம் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருக்கு உதித்தது என்றும், அவ்வெண்ணம் உருப்பெற்று 1970-இல் முதல் பூம் லிஃப்ட் விற்பனைக்கு வந்தது என்றும் அவர் பெயரின் முதலெழுத்துக்களையே தாங்கிய ஜேஎல்ஜி நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. சாரத்தினின்று விழுந்து மடிவதை இக்கூடை பெரிதும் குறைத்தது உண்மையே. ஆனால் கட்டட வேலைக்கு வாடகைக்கு வரும் பூம் லிஃப்டுகளும் சிசர் லிஃப்டுகளும் எஃகினால் ஆனவை. மின்காப்புச் சிறிதும் இல்லாதவை. அதனை அவற்றின் மேல் ஒட்டப்பட்டுள்ள எச்சரிக்கைப் பலகையே சொல்லும். அப்பலகை பெரும்பாலும் வர்ணமும் சிமெண்டும் தெறித்து மறைந்திருப்பதுதான் வருந்தத்தக்கது.

மின்கம்பிகளின் உயரத்தை வகுத்தவர்கள், கீழே செல்லும் மனிதரையும் வண்டிகளையும் உத்தேசித்தே அதை வகுத்தார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்த, நடுவழுத்தக் கம்பிகள் 5.8 மீட்டருக்கும், உயரழுத்தக் கம்பிகள் 6.1 மீட்டருக்கும் குறையாத உயரத்தில் இருக்கவேண்டும் என்றன. கட்டடத்தின் பக்கவாட்டில் 11 கிலோவோல்ட் கம்பி 1.2 மீட்டர் தள்ளியிருந்தால் போதும் என்றன. தெருவில் நடப்பவனுக்கு இந்த அளவுகள் போதுமானவை. அதே தெருவில் சுவருக்கு வர்ணம் பூசவோ விளம்பரப் பலகை மாட்டவோ வந்து நிற்கும் சாதாரணமான 45 அடி பூம் லிஃப்ட், ஏறக்குறைய 14 மீட்டர் எழும்பக்கூடியது. அதாவது கம்பியின் உயரத்தைப்போல் இருமடங்குக்கும் மேல். தரையில் நிற்கும்போது தலைக்கு மேலே எங்கோ இருந்த கம்பி, கூடை எழுந்ததும் முழங்காலுக்கு நேராகவும் முதுகுக்குப் பின்னாகவும் வந்துவிடுகிறது. உயரமான ஒரு பொருளைக் கம்பிகளின் கீழே நகர்த்துவதில் உள்ள ஆபத்து யந்திரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை, 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் உரசியதால் சிறுவர் உள்பட 11 பேர் உயிரிழந்த துயரம் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியது.

கம்பியின்மேல் உட்காரும் காக்கைக்கு நேராத கேடு மனிதனுக்கு மட்டும் ஏன் நேர்கிறது என்பதை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதன் உடலின் வழியே மின்சாரம் பாய்வதற்குக் காரணமில்லை. கூடையில் இருப்பவனோ, கம்பியைத் தொட்ட கணமே, எஃகுக் கரத்தின் வழியாகவும் வண்டியின் வழியாகவும் பூமியோடு இணைந்துவிடுகிறான். உடலின் வழியே சுமார் 10 மில்லி ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தாலே பிடித்த கை பிடித்தபடி இறுகிவிடும். 50 மில்லி ஆம்பியரை எட்டினால் இருதயத் துடிப்புத் தாறுமாறாகிப் பிராணாபாயம் நேரலாம். 11 கிலோவோல்ட் கம்பியோ, உடலைத் தொட்டால், மில்லி ஆம்பியர்களில் அன்றி ஆம்பியர்களில் அளக்கத்தக்க மின்சாரத்தைச் செலுத்த வல்லது. கம்பியின்மேல் கறுப்பு உறை இருக்கிறதே என்று நம்புவதும் வீண். மழைக்கும் வெயிலுக்குமாகப் போட்ட உறை மின்காப்பு ஆகாது.

இனி, இத்துறையில் மிகுதியும் தவறாக உணரப்படுகின்ற தூரம் என்னும் விஷயத்துக்கு வருவோம். உயரழுத்த மின்சாரம் தொடாமலே தாவும் என்பது உண்மை. ஆனால் அது தாவும் தூரம் மக்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. காற்றின் மின்தாங்கும் வலிமை ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோவோல்ட் என்பர். அக்கணக்கின்படி, கூரிய முனைகளுக்குச் சலுகை கொடுத்துப் பார்த்தாலும், 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து தீப்பொறி தாவும் இடைவெளி ஓர் அங்குலத்துக்கும் உட்பட்டதே. அவ்வாறிருக்க, அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு விதிகள், மின்வேலையில் தேர்ச்சி பெறாத எவரும், அவர் ஏறி நிற்கும் யந்திரமும், 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து 10 அடி விலகியிருக்கவேண்டும் என்றும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 10 கிலோவோல்ட்டுக்கும் 4 அங்குலம் கூட்டிக்கொள்ளவேண்டும் என்றும் விதிப்பானேன்? 230 கிலோவோல்ட் கம்பிக்கு இக்கணக்கு 16 அடியாகிறது. அந்தப் பத்தடியில் மின்சாரத்துக்கு உரிய பங்கு சில அங்குலமே. எஞ்சியதெல்லாம் மனிதனுடைய கண்ணுக்கும் கைக்கும், காற்றுக்கும் மண்ணுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு. இதனை அறியாதவர்தாம், ‘பத்தடி என்பது எழுத்துக்காகச் சொன்னது, மூன்றடியில் ஒன்றும் ஆகாது’ என்று கூடையை நெருக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பங்கை விழுங்குவன எவை என்று பார்த்தால் பத்தடியும் தாராளமன்று என்பது புலப்படும். கம்பி ஒரே நிலையில் நிற்பதன்று. காலையில் இழுத்துக் கட்டியதுபோல் தோன்றும் அலுமினியக் கம்பி, உச்சிவெயிலாலும் தன்னில் ஓடும் மின்சாரத்தாலும் சூடேறி நீளும்போது, நீளத்தில் ஏற்படும் சிறு மாறுதல் தொய்வில் பன்மடங்காகப் பெருகும். ஆகவே காலையில் எடுத்த அளவு பிற்பகலுக்குச் செல்லாது. காற்றடித்தால் இரண்டு கம்பங்களின் நடுவே கம்பி ஊஞ்சல்போல் ஆடும். கம்பத்தின் அருகே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. கூடையும் நிலையாக நிற்பதன்று. இரண்டு மீட்டர் அகலமுள்ள வண்டியின் ஒரு சக்கரம், நேற்றுத் தோண்டி மூடிய பள்ளத்தின்மேல் நின்று ஓர் அங்குலம் புதைந்தால், 18 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடை ஒன்பது அங்குலம் சாய்ந்துவிடும். நெம்புகோலை விரல் நுனியால் தொட்ட மாத்திரத்தில் கரத்தின் முனை வெகுதூரம் வீசும். அவசரத்தில் வலப்புறத்துக்குப் பதில் இடப்புறம் தள்ளாத கை உலகில் இல்லை. வெளியில் வேலை செய்யும் உயர்மேடைகளுக்குப் பொதுவாக விநாடிக்கு 12.5 மீட்டர் என்பதே காற்றின் எல்லை. ஆயின் அந்த எல்லைக்குள்ளும் ஒரு தகரப் பலகையையோ விளம்பரத் துணியையோ தூக்கிப் பிடித்தவன் பாய்மரம் கட்டியவனுக்குச் சமம்.

எல்லாவற்றினும் பெரிய எதிரி கண் ஆகும். பரந்த ஆகாயத்தின் பின்னணியில் தொங்கும் மெல்லிய கம்பியின் தூரத்தை நிதானிக்கக் கண்ணுக்கு ஆதாரம் எதுவும் கிடைப்பதில்லை. பத்தடி என்று சத்தியம் செய்பவர் அளந்து பார்த்தால் ஆறடியாக இருக்கும். மேலும், கூடையில் இருப்பவனின் பார்வை தன் முன்னுள்ள சுவரின்மேலும் திருகாணியின்மேலும் படிந்திருக்குமே ஒழிய, பின்னுள்ள கம்பியின்மேல் படிவதில்லை. தூரம் என்பது கூடையின் விளிம்பிலிருந்து அளக்கப்படுவதும் தவறு. நீட்டிய கையும், கையிலுள்ள அலுமினியக் கழியும், கழியின் நுனியிலுள்ள உருளைத் தூரிகையும், வெட்டுண்டு விழப்போகும் பச்சைக் கிளையும் சேர்ந்ததே அந்த மனிதனுடைய எல்லை.

இக்காரணம் பற்றியே, கம்பியையும் கூடையையும் மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று ஒருவரைக் கீழே நிறுத்தும் வழக்கம் பல நாடுகளில் சட்டமாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கம்பங்களின்மேல் செல்லும் கம்பியிலிருந்து 6.4 மீட்டருக்கு அப்பால் தடையில்லை, 6.4 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் உடனிருந்தாலன்றி யந்திரத்தை இயக்கலாகாது. 3 மீட்டருக்கு உட்பட்டது மின்நிறுவனத்தின் அனுமதியின்றி நுழையக்கூடாத எல்லை. அந்நாட்டில் கம்பிகளின்மேல் மாட்டப்படும் வரிபோட்ட உறைகளுக்குப் ‘புலிவால்’ என்று பெயர். அவை கம்பி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுவதற்காகவே அன்றித் தொடுவோரைக் காப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. கண்காணிப்பாளருக்கு வேறு எந்த வேலையும் இருக்கக்கூடாது என்பது இவ்வேற்பாட்டின் உயிர்நாடி. போல்ட் எடுத்துக் கொடு, போக்குவரத்தைத் திருப்பிவிடு, தேநீர் வாங்கி வா என்று அவரை ஏவத் தொடங்கிய நாளிலேயே அந்தக் காவல் இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது.

தூரத்தை நம்பி வேலை செய்வதைக் காட்டிலும் உயர்ந்த முறை, மின்சாரத்தையே நிறுத்திவிடுவதாகும். தமிழ்நாட்டு மின்பணியாளர்கள் இதனை ‘லைன் கிளியர்’ வாங்குதல் என்பர். லைன் கிளியர் என்பது சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்று யாரோ தொலைபேசியில் சொன்ன சொல் அன்று. எந்தப் பகுதி, எத்தனை மணி முதல், யார் பொறுப்பில் என்பவை எழுத்தில் பெறப்பட்டு, இணைப்பு கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கப்பட்டு, பிரித்த சுவிட்ச் பூட்டப்பட்டு, மின்சாரம் இல்லை என்பது சோதனைக் கருவியால் மெய்ப்பிக்கப்பட்டு, வேலை நடக்கும் இடத்தின் இருபுறத்திலும் கம்பிகள் எர்த் செய்யப்பட்ட பிறகே அது முழுமை பெறுகிறது. கடைசிப் படியைச் சோம்பலால் விட்டுவிடுவோர் உளர். பக்கத்து மாளிகையின் ஜெனரேட்டர் தவறான இணைப்பினால் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதும், அருகில் இணையாகச் செல்லும் உயரழுத்தக் கம்பி நிறுத்தப்பட்ட கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதும் நேரக்கூடியவை; அப்போது உயிரைக் காப்பது அந்த எர்த் ராடு ஒன்றே.

மின்வாரியங்களின் கூடை வண்டிகளில் சில, கண்ணாடி இழையாலான கரமும் கூடையும் உடையவை. இவற்றை மின்காப்புள்ளவை என்பது சரியே. ஆனால் அக்காப்பு, மனிதனின் வழியே வண்டிக்கும் பூமிக்கும் செல்லும் பாதையை மாத்திரம் துண்டிக்கிறது. ஒரு கை ஒரு கம்பியிலும், மறு கையோ முழங்கையோ அடுத்த கம்பியிலோ கம்பத்தின் இரும்புக் குறுக்குச் சட்டத்திலோ பட்டால், கண்ணாடி இழைக் கூடை அவனுக்கு எவ்வித உதவியும் செய்யாது. தூசியும் ஈரமும் எண்ணெயும் படிந்த கரம் காப்பை இழக்கும். ஆதலால் துடைத்துப் பேணுவதும் குறித்த காலத்தில் மின்சோதனைக்கு உட்படுத்துவதும் அவசியம். ரப்பர்க் கையுறைகளுக்கும் தரவரிசை உண்டு: 0 வகை 1,000 வோல்ட் வரைக்கும், 2 வகை 17,000 வோல்ட் வரைக்கும், 4 வகை 36,000 வோல்ட் வரைக்கும் உரியது. அமெரிக்க விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவை சோதிக்கப்படவேண்டும். அன்றியும் ஒவ்வொரு நாளும் அணியுமுன் காற்றை அடைத்துச் சுருட்டி, ஊசித்துளை உண்டா என்று பார்த்தல் வேண்டும். உடல் முழுதும் தழுவும் பாதுகாப்புக் கச்சையைக் கூடையிலுள்ள கொக்கியில் மாட்டிக்கொள்வது இவை அனைத்துக்கும் அடிப்படை. ஏனெனில் உயிரைப் போக்காத சிறு மின்னதிர்ச்சியும் ஆளைக் கூடைக்கு வெளியே தள்ளப் போதுமானது.

இவ்வளவுக்கும் பிறகு கூடை கம்பியில் பட்டுவிட்டால் செய்யத்தக்கது யாது? கூடையில் இருப்பவர் உணர்வோடு இருந்து, கம்பியை இழுத்துக்கொண்டு வராமல் விலக முடியுமானால் விலகலாம்; முடியாவிடில், தீப்பற்றினாலொழிய இறங்காமல் அங்கேயே இருந்து, கீழே உள்ளவர்களை நெருங்கவிடாமல் கூவி எச்சரிக்கவேண்டும். தீயின் காரணமாக வண்டியை விட்டே தீரவேண்டிய ஓட்டுநர், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையினின்று எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து செல்லவேண்டும். மின்சாரம் மண்ணில் பரவும்போது அடிக்கு அடி மின்னழுத்தம் மாறுவதால், அகல வைக்கும் ஒரு காலடியே உடலின் வழியே அதற்குப் பாதை அமைத்துக் கொடுத்துவிடும். கம்பி அறுந்து அடங்கிக் கிடக்கிறது என்பதை எவரும் நம்பலாகாது. பல மின்பாதைகளில், பழுதினால் துண்டிக்கப்பட்ட மின்சாரத்தைச் சில விநாடிகளில் தானாகவே மறுபடி இணைக்கும் சாதனம் உண்டு. முதல் முறை அடங்கிய கம்பி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் உயிர்பெறும்.

இத்தகைய விபத்துக்களில் கூடையில் இருந்தவர் பிழைத்திருக்க, அவரைக் காப்பாற்ற ஓடிவந்து வண்டியின் கதவையோ கீழேயுள்ள நெம்புகோலையோ தொட்ட தோழர் மாண்டுபோவதும் உண்டு. ஆகவே தரையில் நிற்கும் ஒவ்வொருவரும், அவர் உறவினரே ஆயினும், முதலாளியே ஆயினும், வண்டியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகி நின்று, மற்றவர்களையும் தடுத்து நிறுத்தி, மின்சாரம் நிறுத்தப்பட்டு எர்த் செய்யப்பட்டது என்று மின்நிலையத்தார் தம் வாயால் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும்.