சேற்று நிலத்துக்காக ஒரு வழக்கு



வகுப்பில் பூகோளப் பாடம் நடத்திவந்த காலத்தில், இந்தியப் படத்தைச் சுவரில் மாட்டிக் கங்கையின் கழிமுகத்தைக் குச்சியால் சுட்டிக் காட்டுவது என் வழக்கம். சதுப்பு நிலங்களைக் குறிக்க அங்கே சிறு சிறு கோடுகள் இட்டிருக்கும். "இவை சேற்று நிலங்கள், பயனற்றவை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். அந்த வாக்கியம் பிழையானது. கல்கத்தா நகரத்துக் குடிமக்கள் சிலர் 1992-ஆம் ஆண்டில் அதனை நீதிமன்றத்திலேயே மெய்ப்பித்தார்கள். அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். 2001 முதல் கொல்கத்தா என்று பெயர் பெற்றிருக்கும் அந்நகரம் ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆற்றங்கரை மேடு, அங்கிருந்து நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஆகையால் நகரத்துக் கழிவுநீர் கிழக்கே வித்யாதரி ஆற்றை நோக்கிச் செல்லும்படி 19-ஆம் நூற்றாண்டில் கால்வாய்கள் வெட்டினார்கள். வித்யாதரியோ கடலின் ஏற்றவற்றத்தால் உயிர் வாழ்ந்த ஆறு. நாளடைவில் வண்டல் படிந்து அது தூர்ந்துபோயிற்று. 1928-இல் அதனை இறந்துவிட்ட ஆறு என்றே அறிவித்தார்கள். உவர்நீர் வரவு நின்றதும், அப்பகுதி ஏரிகளில் மீன் வளர்த்தவர்கள் தொழில் இழந்து நின்றார்கள்.

அந்த இடுக்கணிலிருந்துதான் ஒரு புதுமை பிறந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகரத்துக் கழிவுநீரை அளவாகக் குளங்களில் பாய்ச்சி நன்னீர் மீன்களை வளர்த்துப் பார்த்தார்கள். முயற்சி பலித்தது. காரணம் எளியது. வங்காளிகள் பேரி என்று அழைக்கும் இக்குளங்கள் ஆழம் குறைந்தவை. கதிரவன் ஒளி அடிவரை செல்லும். அவ்வொளியில் பாசி செழித்து உயிர்க்காற்றை வெளியிடும். அக்காற்றைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். சிதைந்த கழிவு பாசிக்கு உரமாகும். பாசி மீனுக்கு இரையாகும். கரையோரம் வளர்த்த ஆகாயத்தாமரை அலையைத் தடுத்துக் கரையைக் காக்கும். இறுதியில் தெளிந்த நீர் வயலுக்குப் போகும். ரோகு, கட்லா முதலிய மீன்களும் காய்கறிகளும் நகரத்துச் சந்தைக்குப் போகும். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லாமல், எழுத்தறியாத மீனவர்களும் தம் அனுபவ அறிவால் இதனை நடத்திவந்தார்கள்.

ஆனால் நகரம் வளர்ந்தது. வீட்டுமனைக்கு இடம் தேடியது. 1962-இல் அன்றைய முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் தொடங்கி வைத்த திட்டத்தின்படி, ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து வடபகுதி ஏரிகளை மேடாக்கினார்கள். அங்கே எழுந்ததுதான் சால்ட் லேக் என்னும் புதுநகரம். வீடின்றித் தவித்தவர்களுக்கு வீடு தருவது நல்ல நோக்கமே. எனினும், தூர்த்த ஏரிகள் என்ன பணி செய்துவந்தன என்பதை அன்று கணக்கிட்டவர் அரியர்.

அக்கணக்கைப் பின்னாளில் எடுத்தவர் துருவஜோதி கோஷ். அவர் மேற்கு வங்க அரசின் பொறியாளர். 1980-களின் தொடக்கத்தில், கழிவுநீரை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று ஆராயும் பணி அவரிடம் வந்தது. அவர் கால்வாயைப் பின்தொடர்ந்து நடந்தே சென்று, மீனவர்களிடமும் உழவர்களிடமும் கேட்டுக் கேட்டு அவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டார். நிலத்தின் எல்லையைப் படமாக வரைந்தார்; அதன் செயல் முறையை எழுதி வைத்தார். 2018-இல் அவர் காலமானார்.

இனி வழக்குக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில், இச்சதுப்பு நிலத்தில் 227 ஏக்கரை மேடாக்கி உலக வணிக மையம் ஒன்று கட்டுவதற்குத் திட்டம் எழுந்தது. "பப்ளிக்" என்ற சுருக்கப் பெயர் கொண்ட குடிமக்கள் சங்கம் ஒன்று அதனை எதிர்த்துக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அவர்கள் பக்கம் படையும் இல்லை, பெரும் பணமும் இல்லை. ஆனால் நிலத்தின் எல்லை வரையப்பட்ட படம் இருந்தது. அது செய்யும் பணியைப் பற்றிய அறிவு இருந்தது. வணிகம் வளர்ந்தால் மாநிலம் வளரும் என்ற வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். வளர்ச்சியும் வேண்டும், இயற்கையும் வேண்டும், இரண்டுக்கும் இடையே சமநிலை காக்கப்படல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1992 செப்டம்பரில் அவர் அளித்த தீர்ப்பு, நீதிமன்றத்தின் இசைவின்றி இந்நிலத்தைத் தூர்க்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது என்று தடை விதித்தது.

2002-இல் இந்நிலத்தின் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் உடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2006-இல் இதனைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஆயினும் கதை இனிதே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. சட்டத்துக்குப் புறம்பான கட்டடங்கள் அதன் பிறகும் எழுந்தன. அவற்றை அகற்றும்படி நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. குளம் மேடாவதற்குச் சில லாரி மண் போதும். மேடானதை மீண்டும் குளமாக்குவதோ பெரும்பாடு.

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. ஊர்ப்பற்று அக்குடிமக்களை நீதிமன்ற வாயில் வரை கொண்டு சேர்த்தது. உள்ளே அவர்களுக்குத் துணை நின்றது, பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் நடந்து திரிந்து எழுதி வைத்த அறிவு. வழக்கு வந்த பிறகு நிலத்தை அளக்கத் தொடங்கியிருந்தால் காலம் கடந்திருக்கும்.

ஆகவே, நண்பர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நீங்கள் காலையில் குளித்த நீர் எங்கே போகிறது? கால்வாயைத் தொடர்ந்து சென்று பாருங்கள். அது சேரும் இடத்தில் வாழ்பவர்களைக் கேளுங்கள். கண்டதை ஒரு தாளில் வரைந்து, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் ஒருநாள் அந்தத் தாள் உங்கள் ஊருக்குத் தேவைப்படலாம்.