சுமைதாங்கிக் கல்லும் மிதிவண்டி அறப்பயணமும்

ஆவடிக்கு வடக்கே, வெள்ளானூரை ஒட்டிச் செல்லும் வெளிவட்டச் சாலையில் விடுமுறை நாள் விடியலில் மிதிவண்டிக் குழுக்களைக் காணலாம். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான முதற்பகுதி 2014இலும், அங்கிருந்து மீஞ்சூர் வரையிலான இரண்டாம் பகுதி 2021இலும் திறக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுந்தொலைவு ஓட்டுவோருக்கு வாய்ப்பான பாதைதான், நிழல்தான் அரிது. சாலை என்ற சொல்லுக்கு இருமருங்கும் மரம் நிற்கும் வழி என்றும் பொருள் உண்டு, அறக்கூடம் என்றும் பொருள் உண்டு. உண்பிக்கும் சாலைகளுக்கு விடப்பட்ட நிலத்தைச் 'சாலாபோகம்' என்று சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வழியும் அறமும் ஒரே சொல்லில் தங்கியிருந்த மொழி நம்முடையது.

நோயாளிகளுக்கோ பள்ளிகளுக்கோ நிதி திரட்ட மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் வழக்கம் மேற்கிலிருந்து வந்தது. 1980இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், புற்றுநோய்க்குத் தாயை இழந்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர் 36 பேருடன் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை ஓட்டிச் சென்று, பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல் திரட்டினார். 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற அந்தப் பயணம் ஆண்டுதோறும் பெருகி, புற்றுநோய் ஆய்வுக்குப் பெருநிதி வழங்கும் நிகழ்வாயிற்று. இவ்வகைப் பயணங்களில் குறித்த தொலைவுக்கு ஒரு நிறுத்தம் இருக்கும். தண்ணீர், வாழைப்பழம், உப்பு சேர்த்த பானம், கால் நீட்ட ஓர் இடம். ஓட்டுபவர் அறம் செய்பவர்; அவர் அறத்தைத் தொடர்ந்து செய்ய நிறுத்தம் துணைநிற்கிறது.

நம் மரபில் இது தலைகீழாக இருந்தது என்பதே நாம் சொல்ல வருவது. இங்கே நிறுத்தமே அறம். வழிநடப்பவர் எதற்காக நடக்கிறார் என்பதை யாரும் அறிய வேண்டியதில்லை.

சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். 1962இல் ஸ்ரீதர் எடுத்த திரைப்படத்தின் பெயராக மட்டுமே இச்சொல்லை அறிந்தோர் இன்று மிகுதி. நட்ட இரு கற்களின் மேல் கிடையாக ஒரு பலகைக்கல். உயரம் ஏறக்குறைய ஆள் தலையளவு. அந்த உயரத்தில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. தலைச்சுமையோடு தனியே நடப்பவர் அதைத் தரையில் இறக்கிவிட்டால் மீண்டும் தூக்கி வைக்க இன்னொரு கை வேண்டும். ஆளற்ற வழியில் அந்தக் கை கிடைக்காது. ஆகவே ஓய்வே கிடையாது. தலையளவில் கல் இருந்தால் சுமையை அப்படியே நகர்த்தி வைத்து, இளைப்பாறி, பின் தானே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வராத வழித்துணையின் இடத்தில் கல் நிற்கிறது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகவே இவற்றில் பல நடப்பட்டன. அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமையை, ஊரார் யார் யாரோ இறக்கி வைப்பதால் அவள் உயிர் ஆறும் என்பது நம்பிக்கை.

தண்ணீர்ப்பந்தலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பந்தலுக்கு நிலம் விட்ட கல்வெட்டுகள் நீர் இறைப்பவருக்கு, வார்ப்பவருக்கு, கலம் தரும் குயவருக்கு என்று பங்கு பிரித்து எழுதியுள்ளன. ஒருவர் இளைப்பாற மற்றொருவர் உழைக்கிறார் என்பதை அக்காலக் கணக்கர் மறக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து தொலைவில் இல்லாத குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், திங்களூர் அப்பூதியடிகள் கதையை இத்தகைய பந்தலில்தான் தொடங்குகிறார். அப்பூதி தாம் வைத்த பந்தலுக்குத் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரையே இட்டிருந்தார். வழியே வந்த நாவுக்கரசர் தம் பெயரைத் தாமே அங்கே கண்டு, காரணம் கேட்கப் போனார். கொடுத்தவர் தம் பெயரை மறைத்த இடம் அது. சட்டையின் முன்னும் பின்னும் புரவலர் பெயர் அச்சிட்டு ஓட்டும் காலத்தில் இதை நினைப்பது சற்றுக் குறும்புதான்.

பழமையை முழுதும் போற்றிவிடவும் முடியாது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இராமேசுவர வழியிலிருந்த தம் சத்திரங்களைக் கும்பினியார் கைக்கொள்ளாதிருக்க வேண்டி 1801இல் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருவோர்க்கு உணவு, நோயுற்றோர்க்கு மருத்துவம், வழியில் இறந்தோர்க்கு ஈமக்கடன் என்று அதில் அவர் விவரிக்கும் அறங்கள் நெகிழ வைப்பவை. ஆனால் அந்த ஈமக்கடனும் சாதி முறைப்படியே. சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. காசிச் சத்திரத்தில் இளைஞர் ஈ.வெ.ராவுக்குச் சோறு மறுக்கப்பட்ட கதையை அறியாதார் குறைவு. சாதி கேட்காமல் இருந்தது சுமைதாங்கிக் கல் ஒன்றே என்று தோன்றுகிறது. கல்லுக்குக் கேட்கத் தெரியாது.

மிதிவண்டியின் வரலாற்றில் ஓய்வு பெரும்பாலும் இழப்பாகவே எண்ணப்பட்டது. 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் ஏறத்தாழ 1200 கிலோமீட்டரைச் சார்ல் தெரோன் 71 மணிநேரம் சொச்சத்தில், உறங்காமல் கடந்து வென்றார். இன்றும் 'பிரவே' எனப்படும் நெடும்பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணிநேரமே வரம்பு. தேநீர் குடித்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. அறப்பயணம் இதில் சற்றுக் கனிவானது. அங்கே யாரும் முந்த வேண்டியதில்லை. எனவே நிறுத்தத்தில் உட்காரலாம்.

நம்மூர் மிதிவண்டிக்கு வேறொரு பிறப்பு உண்டு. வெள்ளானூருக்கு அண்டையிலுள்ள அம்பத்தூரில்தான் டி.ஐ. சைக்கிள்ஸ் தன் தொழிற்சாலையை அமைத்தது. 1949இல் முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனத்தோடு கைகோத்துத் தொடங்கிய முயற்சி அது. அங்கிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏவும் தமிழகத்தின் ஊர்களுக்குச் சென்றன. பால் கேனும் வாழைத்தாரும் கறவைக்குப் புல்லும் சுமந்த வண்டிகள் அவை. அவற்றின் பின்சக்கரத்தில் கனத்த இரட்டைக்கால் ஸ்டாண்டு இருந்தது. வண்டியைப் பின்னுக்கு இழுத்து அதில் நிறுத்தினால் கேன் சாயாது, சுமையும் இறங்காது. பால்காரர் பீடி பற்ற வைத்துக்கொள்ளலாம். சுமைதாங்கியைத் தன்னோடு எடுத்துச் சென்ற வண்டி என்றே அதைச் சொல்வோம்.

இன்றைய சாலைப் பந்தய வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. எடை குறைய வேண்டி அதை நீக்கிவிட்டார்கள். நிறுத்தத்தில் ஓட்டுநர் அதைச் சுவரிலோ தடுப்புக் கம்பியிலோ மற்றொருவரின் வண்டியிலோ சாய்த்து வைக்கிறார். அதே சாலையோரம் இரட்டைக்கால் ஸ்டாண்டில் ஒரு பால் வண்டியும் நிற்கக்கூடும். மேசையிலுள்ள வாழைப்பழம் எண் அட்டை கட்டியவர்களுக்கு மட்டுமா, அந்தப் பால்காரருக்கும் உண்டா என்பதை ஏற்பாட்டாளர்களிடம் கேட்க வேண்டும்.