ஊருக்கொரு ரேடியோ, ஆளுக்கொரு திரை



நம் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் எத்தனை பேர் செல்போனைப் பார்க்கிறோம் என்று எண்ணத் தேவையில்லை. எல்லோரும்தான். 'போனைக் கீழே வையுங்கள்' என்ற அறிவுரையும் அதே போனில்தான் வருகிறது! எனவே இந்த இதழில் அறிவுரை வேண்டாம். நம் கதைகளும் சினிமாவும் இந்தப் பழக்கத்தை எப்படிக் கவனித்தன என்று பார்ப்போம்.

திருச்சி வானொலி 1939 மே 16 அன்று தொடங்கியது. டீக்கடையிலும் பஞ்சாயத்து ரேடியோவிலும் ஒலித்தது ஒரே பெட்டி; கேட்டது பலர். நம் ஊரில் 1933இல் பிறந்த சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் அப்படித்தான் தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்தது. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. பிறகு டெல்டா ஊர்களுக்கும் டிவி வந்தபோது, பெட்டி இருந்த வீட்டின் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரருக்குத் தொந்தரவுதான். ஆனாலும் யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரிந்துவிடும்.

சார்லி சாப்ளின் 1936இலேயே 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்துவிட்டார். தொழிற்சாலையில் நாள் முழுக்க நட்டுத் திருகும் தொழிலாளி அவர். வேலையை விட்டு நகர்ந்த பிறகும் கை தானாகத் திருகிக்கொண்டே இருக்கும். நம் கட்டைவிரலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இதை ஆழமாகத் தொட்டது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவுக்கு இயந்திரத்தின் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் அவர் பயந்தது நம்பும்படி இருக்கிறது. கதை நடப்பது நாம் இப்போது வாழும் இந்த 2020களில். பிள்ளை பெறக்கூட அரசின் அனுமதி வேண்டும். பெயருக்கு இரண்டெழுத்துதான், நம் ஊர்ப் பாடகர் அங்கே பிறந்திருந்தால் வெறும் 'கோவி'! நாட்டை ஆளும் ஜீவா கடைசியில் ஆளே இல்லை, வெறும் பிம்பம் என்று தெரியவரும். அந்த உலகில் ஆசையாகப் புத்தகம் படிப்பது ஜீனோ என்ற இயந்திர நாய். மனிதர்கள் கைவிட்டதை இயந்திரம் எடுத்துக்கொண்டது என்ற இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த நாவலை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் சுஜாதா பயந்தது மேலே இருந்து ஆளும் இயந்திரத்தை. அது நம் உள்ளங்கைக்கே வந்து உட்கார்ந்ததைப் பின்னால் வந்த சினிமாதான் பேசியது. 2018 நவம்பரில் வெளியான ஷங்கரின் '2.0' படத்தில் ஊரிலுள்ள செல்போன்கள் எல்லாம் கையை விட்டுப் பறந்துவிடும். போன் இல்லாமல் மக்கள் திகைக்கும் அந்த ஆரம்பக் காட்சிகள்தான் படத்தின் நல்ல பகுதி என்பேன். அப்புறம் கதை டவர் கதிர்வீச்சு, பறவை, சண்டை என்று போய்விடுகிறது. கதிர்வீச்சு பற்றிய பகுதியை எதிர்த்து செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கைத் துறையிடம் புகாரே கொடுத்தது. போனை விட முடியாமல் தவிக்கும் நம்மைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் காணாமல் போயிற்று.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது நான்கு ஆண்டு கழித்து வந்த பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே'. கல்யாணம் கேட்டு வரும் காதலர்களிடம் பெண்ணின் அப்பா ஒரு நிபந்தனை வைக்கிறார்: ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளுங்கள். ரோபோவும் இல்லை, சர்வாதிகாரியும் இல்லை. நம் வீடுகளைப் போன்ற வீடுகள்தான். காதலர்கள் படும் பாட்டுக்குத் தியேட்டர் சிரித்தது. எனக்கு நின்றது நாயகனின் அக்காவைக் கட்டிக்கொள்ளப்போகும் யோகி பாபுவின் பாத்திரம். அவர் மட்டும் கடைசிவரை போனைக் கொடுக்க மாட்டார். ஏதோ தப்புச் செய்கிறார் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். திறந்து பார்த்தால், தோற்றத்தை வைத்து மற்றவர்கள் அவரைக் கேலி செய்தவைதான் அதில் இருக்கும். ஒரே கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியாது.