ஏலாக்குறிச்சியில் திருந்திய எழுத்து

நற்செய்திப் பணிக்குரிய கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் எண்ணம் இயந்திரங்களை நோக்கியே ஓடுகிறது. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, வானொலி, திரைப்படம், கணினி, இன்று உள்ளங்கையில் அடங்கிவிட்ட அலைபேசி என்று நாம் வரிசைப்படுத்துகிறோம். இக்கருவிகளை மறுப்பது நம் நோக்கமன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டு, அவற்றைத் திருச்சபை ஆர்வத்துடன் கையாள வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆயினும், கருவி என்பது இயந்திரம் மட்டும்தானா? சிற்றூர் மக்களிடையே பணியாற்றச் செல்பவர் எதைக் கொண்டு செல்ல வேண்டும், எதை அங்கேயே கண்டெடுக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியே ஒரு விடையை வைத்திருக்கிறது.

அடைக்கல ஊர்

பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்த இந்நிலப்பகுதி பெரும்பாலும் மழையையும் ஏரியையும் நம்பி வாழும் மேட்டு நிலம். தெற்கே கொள்ளிடத்துக்கு அப்பால் தஞ்சையின் நன்செய் விரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆறு இரு ஆட்சிகளுக்கு இடையிலான எல்லையாகவும் இருந்தது. தென்கரையில் தஞ்சை மராட்டிய மன்னர் ஆண்டார். வடகரையில் அரியலூர் மழவராயர்கள் பாளையக்காரர்களாக விளங்கினர். 1701ஆம் ஆண்டில் மன்னர் சகஜியின் காலத்தில் தஞ்சை நாட்டுக் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். அத்தகைய நாள்களில் ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு ஏலாக்குறிச்சி புகலிடமாயிற்று என்பது வழிவழி வந்த நினைவு. அங்கே வணங்கப்படும் அன்னைக்கு அடைக்கல மாதா என்னும் பெயர் பொருந்தி நிற்பதும் அதனாலேயே. இன்று அத்திருத்தலம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வூருக்குத் திருக்காவலூர் என்று தமிழ்ப்பெயர் சூட்டியவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி அடிகளார். தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று அறியும். இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனேயில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1710ஆம் ஆண்டில் கப்பலேறி, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த வட்டாரத்தில் கழித்து, 1747ஆம் ஆண்டில் மறைந்தார். அவரைப் பற்றி வழங்கும் கதைகள் பல. மழவராயர் ஒருவரின் பிளவை நோயை அவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாக ஆலயத்துக்கு நிலம் கிடைத்தது என்றும் ஊர் மரபு கூறும். சந்தா சாகிபிடம் அவர் திவானாக இருந்தார் என்னும் செய்தியை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. கதைகளை அவற்றுக்குரிய இடத்தில் வைத்துவிட்டு, எவரும் மறுக்க இயலாத அவருடைய எழுத்துகளை நாம் பார்ப்போம்.

ஓலையின் குறை

வீரமாமுனிவரிடம் அச்சுப்பொறி இல்லை. அவரிடம் இருந்தவை பனையோலையும் எழுத்தாணியும். அவை எளிய கருவிகள். ஆனால் அந்த மண்ணுக்கு உரியவை. ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிற்றில் கோத்து, எழுத்தாணியால் கீறி, கீறல் தெளிவாகத் தெரியக் கரியும் மையும் தடவுவர். எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும் பொருள். எந்தத் திண்ணைப் பள்ளியிலும் கற்கும் கலை.

இக்கருவிக்கு ஒரு குறையும் இருந்தது. கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். நரம்பின் வழியே கிழியவும் கூடும். ஆகவே ஏடெழுதுவோர் புள்ளிகளை விட்டுவிட்டே எழுதினர். தொல்காப்பியர் காலந்தொட்டு, குறில்களான எகரமும் ஒகரமும் புள்ளி பெறும், நெடில்கள் புள்ளியின்றி நிற்கும் என்பதே விதி. புள்ளி மறைந்தபோது குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடு தெரியவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நின்றன.

இதனால் விளையும் குழப்பத்தை எண்ணிப் பாருங்கள். 'எரி' என்றாலும் 'ஏரி' என்றாலும் ஓலையில் ஒன்றே. வானம் பார்த்த பூமியில் வாழும் உழவனுக்கு நெருப்பும் நீர்நிலையும் ஒன்றாகுமா? 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும், 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் அவ்வாறே. கற்றறிந்த புலவர் யாப்பைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் சரியாகப் படித்துவிடுவார். படிப்புக் குறைந்த சிற்றூர் உபதேசியார் என்ன செய்வார்? அதிலும், பேதுரு, யோவான் போன்ற பெயர்கள் அன்றைய தமிழ்ச் செவிக்கு முற்றிலும் புதியவை. முன்பின் கேளாத பெயரைச் சூழலைக் கொண்டு ஊகிக்க வழியில்லை. எழுத்து தெளிவாக இருந்தால் மட்டுமே அதைச் சரியாக ஒலிக்க முடியும்.

ஒரு சுழியும் ஒரு கோடும்

இந்தக் குறைக்கு வீரமாமுனிவர் கண்ட தீர்வு மிகச் சிறியது. குறிலுக்குப் புள்ளி வைக்கும் பழைய முறையை மீட்க அவர் போராடவில்லை. ஓலை அதற்கு இடங்கொடாது என்பதை அறிந்திருந்தார். மாறாக, குறிலை வெறுமனே விட்டு, நெடிலுக்கு அடையாளம் தந்தார். எகரத்தின் கீழே ஒரு கோட்டை இழுத்தபோது ஏகாரம் பிறந்தது. ஒகரத்தின் அடியைச் சுழித்தபோது ஓகாரம் பிறந்தது. கொம்பின் தலையைச் சுழித்ததால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறாயின. கோடும் சுழியும் எழுத்தாணிக்கு இயல்பானவை, ஓலையைக் கிழிக்காதவை.

கருவியின் இயல்பை அறிந்து, அதைப் பயன்படுத்துபவரின் இடர்ப்பாட்டை உணர்ந்து செய்யப்பட்ட திருத்தம் இது. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான பொருள் எதுவும் இதில் இல்லை. அயல்நாட்டார் ஒருவர் தமிழ்ப் பிள்ளைபோல் ஏட்டைப் படிக்கத் தடுமாறியிருக்க வேண்டும். அத்தடுமாற்றத்தைத் தமக்கு மட்டும் உரியதாகக் கருதாமல், எழுதப் படிக்கத் தொடங்கும் எல்லாருக்கும் உரியதாக அவர் கண்டார் என்றே நாம் கொள்ளலாம்.

மனப்பாடமின்றித் தேடும் நூல்

1732ஆம் ஆண்டில் அவர் முடித்த சதுரகராதியும் இவ்வழியில் வந்ததே. அதற்கு முன் தமிழர் சொற்பொருளை நிகண்டுகளில் கற்றனர். நிகண்டு செய்யுளாக அமைந்தது. அதை மனப்பாடம் செய்தவருக்கே அது பயன்படும். 1594ஆம் ஆண்டிலேயே சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தார் என்பதையும், 1679ஆம் ஆண்டில் அந்தாம் தெ புரொயென்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி அம்பலக்காட்டில் அச்சானது என்பதையும் இங்கே நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். வீரமாமுனிவரோ பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளில், தமிழுக்குத் தமிழிலேயே, செய்யுளைத் துறந்து எழுத்து வரிசையில் சொற்களை நிரல்படுத்தினார்.

எழுத்துத் திருத்தத்துக்கும் அகராதிக்கும் உள்ள உறவு வெளிப்படை. எகரமும் ஏகாரமும் வடிவில் ஒன்றானால் அகரவரிசை எப்படி நிற்கும்? எழுத்து தெளிந்த பிறகே சொல் தன் இடத்தில் அமர்கிறது. சொல் தன் இடத்தில் அமர்ந்த பிறகு, ஆசிரியரின் துணையின்றியும் ஒரு மாணவன் பொருளைத் தேடிக் கண்டடைகிறான்.

படிக்கத் தெரியாதவருக்கும் அவர் வழி கண்டார். கித்தேரியம்மாள் அம்மானை பாடிக் கேட்பதற்கு உரியது. ஊரில் ஒருவர் ஏட்டைப் படித்தால் போதும். மற்றவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வர். 1726ஆம் ஆண்டில் நிறைவுற்ற தேம்பாவணி, சூசையப்பரை வளன் என்னும் பெயரில் தலைவராக்கி 36 படலங்களில் 3615 செய்யுள்களாக விரிந்தது. அது புலவர் அவைக்கு உரியது. மறுபுறம், ஊர் ஊராகச் செல்லும் உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் எளிய உரைநடையில் எழுந்தது. கேட்பவர் யார் என்பதை முதலில் அறிந்து, பின்பே வடிவத்தைத் தேர்ந்தார் அவர்.

அச்சகம் இருந்த இடம்

தமிழ் அச்சின் வரலாற்றில் கத்தோலிக்கரின் பங்கு முதன்மையானது. அன்றீக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியமொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. 1586ஆம் ஆண்டில் அடியார் வரலாறும் அச்சேறியது. ஆனால் வீரமாமுனிவர் காலத்தில் அந்த அச்சகங்கள் ஓய்ந்துவிட்டன. இயங்கிய அச்சகம் கடற்கரையில், தரங்கம்பாடியில் இருந்தது. 1706ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும் அவர்தம் தோழர்களும் அதை நிறுவி, 1715ஆம் ஆண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டு முடித்தனர்.

தரங்கம்பாடி லூத்தரன் சபையாருக்கும் வீரமாமுனிவருக்கும் இடையே நிகழ்ந்த சொற்போர் கடுமையானது. அவர்களை மறுத்து அவர் நூல்கள் இயற்றினார். இருபுறமும் கூரிய சொற்கள் பறந்தன. இன்றைய கிறிஸ்தவ ஒன்றிப்பு உணர்வோடு அவற்றைப் படிக்கும் நமக்கு வருத்தமே மிஞ்சும். எனினும் அதே தரங்கம்பாடி அச்சகம் 1738ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டது. அது வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம்! மக்கள் பேசும் தமிழைக் கற்க விரும்பிய புதிய பணியாளர்களுக்கு அதைவிடச் சிறந்த நூல் இல்லை என்பதை எதிர்த்தரப்பினரே உணர்ந்தனர்.

வாதத்துக்காக எழுதப்பட்டவை வாதத்தோடு நின்றன. கற்பதற்காக எழுதப்பட்டது மதிலைத் தாண்டிச் சென்றது. இவ்வரலாற்றில் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய இடம் இதுவே.

சிதறிய ஏடுகள்

1773ஆம் ஆண்டில் இயேசு சபை ஒடுக்கப்பட்டபோது அதன் பணித்தளங்கள் தளர்ந்தன. ஏடுகள் சிதறின. அவற்றைத் தேடிச் சேர்த்ததில் சென்னைக் கோட்டைக் கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆங்கில அதிகாரி எல்லீசின் தூண்டுதலால் முத்துசாமிப் பிள்ளை ஏடுகளைத் தேடி அலைந்து, 1822ஆம் ஆண்டில் வீரமாமுனிவரின் வரலாற்றையும் எழுதினார். அதே ஆண்டில் பரமார்த்த குருவின் கதை இலண்டனில் அச்சாயிற்று. சதுரகராதி 1824ஆம் ஆண்டில் சென்னையிலும், தேம்பாவணி 1851ஆம் ஆண்டு முதல் புதுச்சேரியிலும் வெளிவந்தன.

எழுத்துத் திருத்தமும் உடனே பரவிவிடவில்லை. ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கையே தொடர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பெருகியபோதுதான் ஏகாரமும் ஓகாரமும் இரட்டைக் கொம்பும் எல்லாத் தமிழருக்கும் உடைமையாயின. பின்னர் தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டில் தம் இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்றது. எளிய மக்கள் எளிதில் கற்க வேண்டும் என்னும் கவலை, நம்பிக்கையில் வேறுபட்டோரையும் ஒரே பணியில் இணைத்திருக்கிறது. உலகம் முழுவதற்குமான ஒருங்குறியிலும் எகரத்துக்கு ஓர் எண், ஏகாரத்துக்கு வேறோர் எண். ஓலையில் எழுந்த ஒரு சுழி, கணினிக்குள்ளும் தனக்கென ஓர் இடம் பெற்றுவிட்டது.

நமக்கு என்ன?

அண்மைக் காலத்துக்கு வருவோம். மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி, நம் சிற்றூர்களில் சமய வேறுபாடின்றி நேயர்களைப் பெற்றிருந்தது. நேயர்கள் கடிதம் எழுதினர். அக்கடிதங்கள் ஒலிபரப்பில் இடம்பெற்றன. ஆனால் 2018ஆம் ஆண்டில் அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பணி இணையத்துக்கு மாறியது. ஒரு கருவியின் காலம் முடிவதும் மற்றொன்று தோன்றுவதும் இயல்பே. அம்மாற்றத்தின்போது, வானொலிப் பெட்டி மட்டும் வைத்திருந்த முதியவர் விடுபட்டுப் போகிறாரா என்று கேட்பது நம் கடமை.

இன்று பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றாலயங்களிலும் ஒலிபெருக்கி முழங்குகிறது; மறையுரை அலைபேசியில் வந்து சேர்கிறது. அனுப்புவது எளிதாகிவிட்டது. சென்று சேர்ந்ததா, விளங்கிற்றா என்று பார்ப்பது அரிதாகிவிட்டது. எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்று எண்ணும் நாம், கேட்பவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று எப்போதாவது உற்று நோக்குகிறோமா? வீரமாமுனிவர் செய்தது அந்த உற்றுநோக்கலே. தம் கருவியை மக்கள்மேல் ஏற்றாமல், மக்களின் கருவியைக் கையில் எடுத்து, அதில் கடைசி மாணவன் இடறும் இடத்தைக் கண்டு, அங்கே ஒரு சுழியைச் சேர்த்தார்.

வாக்கு மனுவுருவானார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். இறைவனின் வார்த்தை மனிதரின் அளவுக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டது என்பதே அதன் பொருள். அவ்வார்த்தையை ஏந்திச் செல்லும் கருவிகளும் அவ்வாறே தாழ்ந்து வர வேண்டாமா? இன்று இவ்விதழைப் படிக்கும் எவரும், எந்தச் சமயத்தவராயினும், ஏரியை எரியென்று பிழையாகப் படிப்பதில்லை. திருக்காவலூர் முனிவர் தமிழருக்கு விட்டுச்சென்ற அந்தக் கொடையைப் பெற நாம் எவரும் எந்த விலையும் கொடுக்கவில்லை. விலையின்றிப் பெற்றதை விலையின்றிக் கொடுப்போம். பெறுபவரின் கைக்கு ஏற்ற வடிவில் கொடுப்போம்.