பந்தி வஞ்சனை

கிறிஸ்தவ அன்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சத்துருவை நேசிப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சத்துரு தூரத்தில் இருப்பவன். அவனோடு ஒரே பாயில் உட்கார வேண்டியதில்லை. யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீஷர்களுக்குப் புதிதாகத் தரும் கட்டளை வேறு வகை. அது உடன் விசுவாசியை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை, நேசிக்கச் சொல்வது. அந்தக் கட்டளை பிறந்தது ஒரு பந்தியில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அது சீக்கிரமே சோதனைக்குள்ளான இடமும் பந்திதான். கொரிந்து சபைக்குப் பவுல் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதிய கடிதத்தில் ஒரு புகார் வருகிறது. கூடிச் சாப்பிட வருகிறவர்களில் வசதியுள்ளவன் முந்திக்கொண்டு வயிறு நிறைகிறான். இல்லாதவன் பசியோடு நிற்கிறான். பவுல் இதை நாசூக்குக் குறைவாகப் பார்க்கவில்லை; இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே அல்ல என்கிறார். நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பந்தி வஞ்சனை. தெய்வத்தை நேசிப்பதாகச் சொல்வதை யாரும் பரிசோதிக்க முடியாது. பந்தியைப் பரிசோதிக்கலாம்.

தமிழ்நாட்டில் அந்தப் பரிசோதனை எப்படி முடிந்தது? சீகன்பால்கும் புளுட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1718இல் புதிய எருசலேம் கோயில் எழுந்தது. அந்தச் சபையில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். நற்கருணையிலும் வெள்ளாளர் முதலில், மற்றவர் பிறகு. கிண்ணம் ஒன்று, வரிசை இரண்டு. வரிசை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்குத் தெரியும். முதலில் குடிப்பவனுக்கு ஒரே கிண்ணம் என்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

வெள்ளாளரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். சில வருஷங்கள் கழித்து அடுத்த குருவைத் தேடியபோது மிஷனரிகள் ராஜநாயக்கனை யோசித்தார்கள். தஞ்சாவூர்ச் சேனையில் சிப்பாயாக இருந்து உபதேசியார் ஆனவர். உழைப்பிலும் விசுவாசத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பறையர். அவர் கையால் வெள்ளாளர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற கணக்கு குறுக்கே வந்தது. 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து 1771இல் இறந்தார்.

அவர் இறந்த மூன்றாம் வருஷம், 1774இல், திருநெல்வேலியில் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரி. சிறு வயதில் ஷ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்து வரப்பட்டவர். சரபோஜி மன்னரின் நண்பர். 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை எழுதியவர். தமிழ்ப் பிரபந்த வடிவம் ஒன்றைக் கிறிஸ்தவ அனுபவத்துக்கு இவ்வளவு சரளமாக வளைத்தவர்கள் குறைவு. சீயோன் மகளான தேவமோகினி தலைவியாகிறாள். விசுவாசமே குறத்தியாக வருகிறது. சிங்கன் பறவை பிடிப்பது ஆத்துமாக்களைப் பிடிப்பதாகிறது. இது வெறும் உருவக விளையாட்டல்ல, சிருஷ்டி.

1820களில் தஞ்சாவூருக்கு வந்த இளைய மிஷனரிகளோடு சாஸ்திரிக்கு மோதல் ஏற்பட்டது. அவர் தரப்பின் மனக்குறைகள் நான்கு. பழகிய வேதாகமத் தமிழை மாற்றுகிறார்கள். கோயிலில் தமிழ்ப் பாட்டை விலக்குகிறார்கள். கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள். சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள்.

இந்த நான்கையும் படிக்கிற இன்றைய விமர்சகன் சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறான். முதல் மூன்றில் நாம் சாஸ்திரி பக்கம். மொழி, இசை, பூ: ஒரு ஜனத்தின் உயிர்ப்பை அந்நிய அதிகாரம் கத்தரிப்பதை எதிர்த்த கலைஞன் என்று அவரைக் கொண்டாடத் தோன்றும். ஆனால் நான்காவது குறையும் அதே குரலில்தான் வருகிறது. கலாசாரத்தின் பெயரால் மூன்றை ஏற்றுக்கொண்டு நான்காவதைக் கண்டும் காணாமல் விடுவது ரசனை அல்ல, மோசடி. அவருக்குப் பாட்டும் பூவும் பாயின் இடைவெளியும் ஒரே வாழ்க்கையின் பகுதிகள். அதுதான் துயரம்.

குறவஞ்சி என்ற வடிவத்தையே எண்ணிப் பாருங்கள். உயர்குலத் தலைவியின் கையைக் குறத்தி பிடித்துப் பார்க்கிறாள். அந்தத் தொடுகை இல்லாமல் குறி இல்லை. குறி இல்லாமல் நாடகமும் இல்லை. இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, விசுவாசத்துக்கே குறத்தி வேஷம் கொடுத்த கவிஞருக்கு, கோயிலுக்குள் பக்கத்துப் பாயில் இருந்தவன் எட்ட இருக்க வேண்டியவனாகத் தெரிந்தான். கவிதையில் தாண்டிய எல்லையைத் தரையில் தாண்ட முடியவில்லை.

காலத்தைக் காட்டி இதை மன்னிக்கிறவர்கள் உண்டு. எந்தக் காலம்? ராஜநாயக்கனும் அதே காலத்தின் ஓரத்தில், அதே தஞ்சாவூரில் வாழ்ந்தவர்தான். காலம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் முதல் வரிசையில் நின்றவர்களின் காலத்தை.

எதிர்த்தரப்பையும் சுலபமாகப் புகழ முடியாது. 1826இல் திருச்சிராப்பள்ளியில் இறந்த பிஷப் ஹீபர் சாதி விஷயத்தில் நிதானம் காட்டியவர். அவருக்குப் பின் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முடிவாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சொன்னது நியாயம். ஆனால் அது கல்கத்தாவிலிருந்து வந்த உத்தரவு. ஆள்கிற இனத்தின் குரலில் வந்த சகோதரத்துவம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷன் தரங்கம்பாடியில் வேரூன்றியபோது, சாதி விஷயத்தில் கண்டிப்புக் குறைந்த அந்தச் சபை அவர்களில் பலருக்குப் புகலிடமாயிற்று. இயேசுவை விடவில்லை, பாயை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அன்பை உத்தரவால் வரவழைக்க முடியாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் உத்தரவில்லாமல் நூறு வருஷம் காத்திருந்தும் அது வரவில்லை என்பதும் சரித்திரம். தானாகக் கனியும் என்று காத்திருந்தவர்கள் யாரும் பின்வரிசையில் இருந்தவர்கள் அல்ல. உத்தரவு மனசை மாற்றாவிட்டாலும் பின்வரிசைக்காரனுக்கு ஒரு இடத்தைத் தருகிறது. பவுலும் கொரிந்தியர் மனசு மாறட்டும் என்று சும்மா இருக்கவில்லை; ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பந்தி முறையைத்தான் திருத்தினார்.

'பெத்லகேம் குறவஞ்சி'யைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அப்படி எறிந்தால் நம் அலமாரியில் மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பாராட்டி எழுதும்போது ராஜநாயக்கனுக்கும் ஒரு பாரா ஒதுக்க வேண்டும். அவர் கவிதை எழுதியவரல்ல. அன்பைப் பற்றி என்ன நினைத்தார் என்று நம்மிடம் பிரபந்தம் எதுவும் இல்லை. தன் கையால் அப்பம் வாங்க மறுத்த ஒரு சபைக்குக் கடைசிவரை வேலை செய்தார் என்பது மட்டும் தெரிகிறது.